அழுகல் தேங்காயும் பூமியின் நடுவும்

ஐயா,

கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதே. வீட்டில் எல்லோரும் சுகம், ஒரு தேங்காயைத் தவிர. அந்தத் தேங்காயால் உன் கல்யாணத் தேதி நின்றுபோய்க் கிடக்கிறது. "நல்ல நாள் அமையலைய்யா, பாத்துச் சொல்லுதோம்" என்று உன் அம்மா போனில் சொன்னாளே, அது பாதி உண்மை. மீதியை நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்வதற்கு என்ன என்று கேட்பாய். போனில் சொல்ல முடியாததற்கும் அழுகல் தேங்காய் வந்து வாய்த்ததற்கும் காரணம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து லாரிச் சீட்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத கை இது. எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் உன் அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

நிச்சய தாம்பூலம் மாற்ற ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மாப்பிள்ளை நீ மடகாஸ்கரில் பூமிக்குள் நிலநடுக்கம் பார்க்கிற கருவி புதைத்துக்கொண்டிருந்தாய். நீ இல்லாமலே நடத்திக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு பக்கமும் பேசியிருந்தோம். ரேவதியின் அப்பா கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் வரிசைப்படி செய்கிற மனிதர். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சாமிக்குத் தேங்காய் உடைக்க வேண்டும், அது மாப்பிள்ளை வீட்டுத் தேங்காயாக இருக்க வேண்டும் என்றார். ராஜபாளையத்திலிருந்து தேங்காய்க் கமிஷன் கடைக்காரன் கொண்டுபோன தேங்காய். அதைவிடப் பொருத்தமானது வேறு உண்டா? நானே என் கையால் பொறுக்கி எடுத்துக் குடுமி வைத்து, மஞ்சள் தடவிக் கொண்டுபோயிருந்தேன். சம்பந்தி ஓங்கி ஒரு போடு போட்டார். கறுப்புத் தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்தது. வாடை கூடம் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின.

பெண்ணின் பெரியம்மா, வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்தவர்கள், தலையில் கை வைத்துக்கொண்டார்கள். உன் அம்மா சமாளிக்கப் பார்த்தாள். "எங்க பக்கம் அழுகுனா நல்லதும்போம். பீடை கழிஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றாள். அந்த அம்மா விடவில்லை. "கழிஞ்சது உங்க பீடையா, எங்க பீடையா தாயி?" என்று கேட்டார்கள். சம்பந்தி வேட்டியைத் துடைத்துக்கொண்டே, "செத்த ஆறப்போடுவோம் அண்ணாச்சி. அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றார். காபி கொடுத்தார்கள், குடித்தோம். தட்டுகளைத் துணி போட்டு மூடி, போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தோம். ரேவதி மட்டும் வாசல் வரைக்கும் வந்தாள். ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

இதுதான் விஷயம், ஐயா. எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, இரண்டு வருஷமாகவே கேட்பது குறைந்துகொண்டு வருகிறது. ஆள் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். முதுகுப் பக்கம் பேசினால் போச்சு. மதுரையில் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டினேன். மெல்லிய, உயர்ந்த சத்தம்தான் முதலில் போகுமாம். கனத்த சத்தம் கொஞ்ச காலம் கூட வருமாம். காதில் வைக்கிற மிஷின் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு, தேங்காய் இறக்கிக் குவிக்கிற நம் கிட்டங்கியில் நின்று பார்த்தேன். லாரி, தேங்காய் கொட்டுகிற சத்தம், காற்றாடி, ஆட்கள் போடுகிற கூச்சல், எல்லாம் ஒரே மொத்தையாக வந்து விழுந்தது. தேங்காயின் சத்தம் மட்டும் வரவில்லை. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன்.

நல்ல தேங்காயைத் தட்டினால் கிண்ணென்று இருக்கும். அழுகலோ கீறலோ இருந்தால் பொத்தென்று இருக்கும். நடுவில் எத்தனையோ தரம் உண்டு. இளசு, முற்றல், தண்ணீர் வற்றியது, கொப்பரைக்கு ஆகிறது என்று எல்லாம் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். குவியலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்து ஒன்றோடொன்று தட்டி நான் விலை சொன்னால் விற்கிறவனும் மறுபேச்சுப் பேசமாட்டான், வாங்குகிறவனும் பேசமாட்டான். இந்தக் காதுக்குத்தான் கமிஷன், எனக்கில்லை என்று நானே பெருமை அடித்திருக்கிறேன். இப்போது எனக்கு எல்லாத் தேங்காயும் பொத்தென்றுதான் இருக்கிறது. நம் மாடசாமி இருக்கிறானே, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து தரம் பிரிக்கிறவன், அவன்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். நான் தட்டுவேன். அவன் எதிரே நின்று, மோசம் என்றால் பிடரியைச் சொறிவான். இது நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இல்லை. ஒருநாள் அவனாகவே ஆரம்பித்தான், நானும் ஒன்றும் கேட்கவில்லை. நிச்சயத்தன்று அவன் தளவாய்புரத்தில் மகள் வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து என்று போய்விட்டான். பார், யார் காது எங்கே வந்து நிற்கிறது என்று. தேங்காயை நான் கண்ணால் பார்த்துத்தான் எடுத்தேன். கனமாக இருந்தது, நல்ல நிறம். பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் "ம்... சரி... அம்மாட்ட குடுக்கேன்" என்று போனைத் தள்ளிவிட்டேனே, அது கோபம் இல்லை. "அப்பாவுக்கு இன்னும் என் மேல கோவம் தீரலையாம்மா?" என்று நீ கேட்டதாக உன் அம்மா சொன்னாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கோபமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடல் தாண்டி வேலைக்குப் போகிறேன் என்றபோது கோபம் வந்தது. ஆப்பிரிக்காப் பக்கம் ஒரு தீவில் போய்ப் பள்ளம் தோண்டவா இவ்வளவு படித்தான் என்று தோன்றியது. அது ஒரு மழைக்காலம்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு போனில் உன் குரல் தண்ணீருக்கடியில் பேசுகிற மாதிரித்தான் வந்தது. "என்னலே, சத்தமாப் பேசு" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கோபக்காரன் என்று பெயர் எடுப்பது செவிடன் என்று பெயர் எடுப்பதைவிட லேசாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் அலுப்பாக இருக்கிறது. இதை இத்தனை நாள் சுமந்துகொண்டு திரிந்ததில் எனக்கு என்ன கிடைத்தது?

நீ புறப்படுவதற்கு முந்தின வாரம் கிட்டங்கிக்கு வந்தது நினைவிருக்கிறதா? உன் வேலைதான் என்ன என்று மாடசாமி கேட்டான். நீ உரிக்காத தேங்காய் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாய். நாம் நடக்கிற, வீடு கட்டுகிற, மலை என்று சொல்கிற எல்லாம் இந்த மேல்தோல் கனம்கூடக் கிடையாது என்றாய். அதற்குக் கீழே மட்டை மாதிரிக் கனமாகச் சூடான பாறை. கெட்டிதான், ஆனாலும் யுகக்கணக்கில் பார்த்தால் வெயில்காலத்துத் தார் மாதிரி மெல்லக் குழைந்து நகர்கிறது. சூடானது மேலே வருகிறது, ஆறினது கீழே போகிறது என்றாய். "பாறை ஒழுகுமா தம்பி? யார்ட்ட கத வுடுத?" என்றான் மாடசாமி. அதற்கும் உள்ளே தேங்காய்த் தண்ணீர் மாதிரி இரும்புக் குழம்பு, அது சுழல்வதால்தான் திசைகாட்டி முள் வடக்கைப் பார்த்து நிற்கிறது என்றாய். தண்ணீருக்கும் நடுவில் இன்னொரு கெட்டி உருண்டை இருக்கிறது என்றபோதுதான் நான் வாயைத் திறந்தேன். "அப்ப அது பூ வச்ச தேங்காய்லா!" என்றேன். முளைவிடுகிற தேங்காய்க்குள் தண்ணீரில் பூ உருண்டு வருமே, அது. நீ துள்ளிக் குதித்தாய். "ஆமாப்பா, அதேதான். கொழம்பு ஆற ஆற அந்த உருண்டை பெருசாகிட்டே வருது" என்றாய். சூரியனின் மேல்பரப்பு அளவுக்குச் சூடாம் அது. ஆனாலும் மேலே இருக்கிற பாரம் அமுக்குகிற அமுக்கில் உருக முடியாமல் கெட்டியாகக் கிடக்கிறதாம். "நம்ம அண்ணாச்சி மாதிரின்னு சொல்லும்" என்றான் மாடசாமி. நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குப் பாதிதான் கேட்டது, இருந்தாலும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த நடுவை யார் போய்ப் பார்த்தார் என்று நான் கேட்டேன். யாருமே பார்க்கவில்லை என்றாய். மனுஷன் இதுவரை தோண்டிய ஆழமான துளையைச் சாய்த்துப் போட்டால் நம் ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்தான் வரும், நடுவுக்குப் போக இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்றாய். ஆக, மனுஷனுக்குக் கண்ணால் தெரிந்த பூமி உன் மாமனார் வீட்டு வாசலோடு முடிந்துபோகிறது. அதற்கு மேல் எல்லாம் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். எங்கேயாவது நிலம் நடுங்கினால் அந்த அதிர்ச்சி பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. அது எப்போது வந்தது, எப்படி வளைந்து வந்தது என்பதை வைத்து உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறோம் என்றாய். நாற்பது வருஷமாக நான் பார்க்கிற தொழிலைத்தான் என் மகன் பெரிய தேங்காயில் பார்க்கிறான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை.

அன்று நீ சொன்னதில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அலையில் இரண்டு விதம் என்றாய். ஒன்று மூட்டையை மூட்டை தள்ளுகிற மாதிரி முட்டிக்கொண்டே போவது. இன்னொன்று கயிற்றை உதறினால் நெளிவு ஓடுகிற மாதிரிப் பக்கவாட்டில் அசைந்து போவது. இந்த இரண்டாவது உருகிய குழம்புக்குள் நுழையவே நுழையாது. அதனால் ஒரு பக்கம் பெரிய நடுக்கம் வந்தால், நேர் மறுபக்கத்தில் வைத்திருக்கிற கருவிக்கு அது எட்டவே எட்டாது. கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாமல், ஏன் எட்டவில்லை என்று யோசித்தவர்கள்தான் நடுவில் குழம்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள் என்றாய். "கேக்காமப் போனதும் ஒரு சேதிதாம்ப்பா" என்று நீ சொன்னாய். அந்த நேரம் நீ என் முகத்துக்கு நேரே இருந்தாய், அதனால் அது முழுசாகக் கேட்டது. எனக்குச் சொல்கிறாயோ என்றுகூட ஒரு கணம் பயந்தேன்.

சாயங்காலம் கிட்டங்கி வாசலில் நின்றால் சஞ்சீவி மலை தெரிகிறது. அதற்குப் பின்னால் பெரிய மலைத்தொடர். அந்த மேற்குச் சுவர் முழுக்க, கிழிந்த துணியின் ஓரம் மாதிரி, ஒரு காலத்தில் கண்டம் பிய்ந்த இடம் என்றாய். நம் நிலமும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் தெற்கே பனிக்கட்டி மூடிக் கிடக்கிற அண்டார்டிகாவும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தனவாம். ஒவ்வொன்றாகப் பிய்ந்து, கடைசியில் மடகாஸ்கரும் நம்மை விட்டுக் கழன்றுகொண்டதாம். பிறகு நம் நிலம் மட்டும் தன்னந்தனியாகக் கடலைக் கடந்து வடக்கே போய் மோதி, அந்த மோதலில் இமயமலை எழும்பியதாம். இன்னும் மோதிக்கொண்டுதான் இருக்கிறதாம். இந்த மலையில் இருக்கிற பாறையின் உடன்பிறப்பு அங்கேயும் கிடக்கிறது, வெளியூருக்குப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம், இதே மலையின் மறுபாதிக்குப் போகிறேன் என்று உன் அம்மாவைத் தேற்றினாய். அவள் தேறவில்லை. மறுபாதியில் இட்லி கிடைக்குமா என்று கேட்டாள்.

இப்போதும் இரண்டு நிலமும் விலகிக்கொண்டுதான் இருக்கின்றன, நகம் வளர்கிற வேகத்தில் என்றாய். ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போதெல்லாம் வெட்டிய துண்டைப் பார்க்கிறேன். இவ்வளவு தூரம் தள்ளிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தகப்பன்மார்களுக்கு வயதான பிறகு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டில் போய், "அது சகுனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எனக்குக் காது போய்விட்டது, தட்டினது தெரியாமல் அழுகலை எடுத்துவிட்டேன்" என்று சொன்னால் முடிந்துபோகும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொன்னது ராஜபாளையம் வர எத்தனை நேரம்? நான் பஸ்ஸில் ஏறுவதற்குள் அது வந்து இறங்கியிருக்கும். காது போன கமிஷன்காரனிடம் எவன் தேங்காயை இறக்குவான்? இரண்டு நாளாக இதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நீ ரேவதியைப் பற்றி முதன்முதலில் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். உன் முகம் ஒரு பக்கம், கிட்டங்கி ஒரு பக்கம்.

இன்று காலையில் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு. அவள் கரண்டியைக் கீழே போட்டாள். "ரெண்டு வருசமா அடுக்களையிலேருந்து நாங் கூப்பிட்டதுக்கெல்லாம் திரும்பியே பாக்கல. திமிரு புடிச்சுப்போச்சு மனுசனுக்குன்னு நெனைச்சேன். எம்புட்டு அழுதிருக்கேன் தெரியுமா? செவத்துட்ட பேசுன மாதிரி பேசிக்கிட்டுக் கெடந்திருக்கேனே!" என்றாள். பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நன்றாகக் கேட்டது. அப்புறம் அழுதாள். சாப்பாடு போடும்போது வழக்கத்தைவிட நெய் கொஞ்சம் கூடவே விழுந்தது.

இது வரைக்கும் செவ்வாய்க்கிழமை எழுதியது. மேலே எழுத ஓடாமல் மடித்து வைத்துவிட்டேன். புதன்கிழமை நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். இன்றைக்கு வெள்ளி.

சம்பந்தி வீட்டில் அந்தப் பெரியம்மா இன்னும் ஊருக்குப் போகவில்லை. நான் வந்ததைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குக் காது கேக்கலை. ரெண்டு வருசமாச்சு. தேங்காய தட்டி எடுக்கல, பாத்துத்தான் எடுத்தேன். தப்பு என் காதுலதான். இதுல சாமி குத்தமும் இல்ல, உங்க பொண்ணு ராசியும் இல்ல, எம்மகன் ராசியும் இல்ல" என்றேன். சொல்லி முடித்ததும் இரண்டு நாள் காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பு ஓய்ந்துபோய்விட்டது. சம்பந்தி வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, "காரியம் ஆவணும்னு இப்பக் காது கேக்கலைம்பாரு, பொறவு கண்ணு தெரியலைம்பாரு" என்றார்கள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். எழுந்து உள்ளே போனார்கள். திரும்பி வந்தது எனக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு தேங்காயை மோதியிருக்கிறார்கள். நான் சம்பந்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ரேவதி எனக்கு எதிரே கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். பெரியம்மா இன்னும் பலமாகத் தட்டியிருக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை நான் அவள் முகத்தில்தான் தெரிந்துகொண்டேன். திரும்பினேன். அந்த அம்மா கையில் இரண்டு தேங்காயோடு நின்றார்கள். நாற்பது வருஷத்தில் எத்தனையோ லட்சம் தேங்காய் தட்டியவனை உட்கார வைத்துச் சோதித்தாயிற்று. அவர்களுக்கும் கஷ்டமாகப் போய்விட்டது போல. ஒரு தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "தேங்காய்க்காரருக்குக் காது கேக்காமப் போனா அது தேங்காயோட குத்தமா அண்ணாச்சி? தையிலேயே வச்சிருவோம்!" என்றார்கள். மற்றத் தேங்காயைச் சம்பந்தி சாமி முன்னால் உடைத்தார். பூவும் இல்லை, அழுகலும் இல்லை, சாதாரணத் தேங்காய். அதையே அரைத்துச் சட்னி வைத்து மத்தியானம் எனக்கு இட்லி போட்டார்கள். அன்று முழுக்க அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்திக் கத்தியே பேசினார்கள், கடைசியில் தலை வலித்தது.

புறப்படும்போது ரேவதி வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை எனக்கு நேரே நின்று, கத்தாமல், வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள். "அன்னைக்கும் இதத்தான் மாமா சொன்னேன். பாத்துப் போயிட்டு வாங்க." இவ்வளவு சின்ன வார்த்தையைத்தான் அன்றைக்கு நான் தவறவிட்டேன். நீ எடுத்தது நல்ல முடிவு, ஐயா. அதைத் தட்டிப் பார்க்க எனக்குக் காது தேவைப்படவில்லை.

நேற்றுக் காலையில் தளவாய்புரத்துக்காரர் ஒருவர் லோடு இறக்கினார். என் அப்பா காலத்திலிருந்து நமக்குத்தான் இறக்குகிற குடும்பம். நான் வழக்கம்போலக் குவியலிடம் போய்க் குனிந்தேன். அவர் என் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினார். "நீங்க உக்காருங்க அண்ணாச்சி. நானே தட்டிக்கிடுதேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். முகத்துக்கு நேரே, நிதானமாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். சேதி வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று. மாடசாமி எங்கோ பார்த்துக்கொண்டு பிடரியைச் சொறிந்தான். இனிமேல் அவன் அப்படிச் சொறிய வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். அலுப்புதான், வேறென்ன. வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. கிட்டங்கியை உடனே மூடிவிட மாட்டேன். மாடசாமியின் காதில் இன்னும் கொஞ்ச காலம் ஓடும், கமிஷனில் அவனுக்கும் பங்கு என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது நீ சொன்னதுதான். இரண்டு பாறை உரசுகிற இடத்தில், வழுக்கி வழுக்கி நகர்ந்துகொண்டே இருந்தால் பெரிய ஆபத்தில்லை, அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் ஒருநாள் ஊரே இடிகிற நடுக்கம் வரும் என்றாயே. தினமும் கொஞ்சம் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். மனசில் இருப்பதை அன்றன்றைக்குச் சொல்லிவிடு. நீ பேசாமல் இருந்தால் அந்தப் பிள்ளை அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். உன் அம்மா இரண்டு வருஷம் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய். உங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நான்தானே வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி என்னைக் கூப்பிடும்போது முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிடு. வெளிச்சம் உன் முகத்தில் படும்படி உட்கார். அவசரப்படாமல் பேசு.

கடைசியாக ஒன்று. முகூர்த்தத்துக்குத் தாலியைத் தேங்காய் மேல் வைத்துச் சபைக்குக் கொண்டுபோவார்கள், எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். அந்தத் தேங்காய் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாடசாமி எடுத்துத் தருகிறேன் என்கிறான், வேண்டாம் என்றுவிட்டேன். நீ லீவு கொஞ்சம் கூடப் போட்டு முன்னாலேயே வந்துவிடு. கிட்டங்கியில் உனக்காக ஒரு குவியல் ஒதுக்கி வைக்கிறேன். நீ ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு. எனக்குக் கேட்காது, பரவாயில்லை. எதிரே உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்லது கிடைத்ததும் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா